பங்குனியில் ஒரு குடை

வாயு கசியவில்லை என்கிறாயே, கருவியை எங்கே வைத்துப் பார்த்தார்கள் என்று கேட்டார் பேராசிரியர் இங்கர்.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. சட்டத்தில் முனைவர் பட்டம் வாங்க வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது?

கருவி வைப்பது பொறியாளர் பாடு. கருவி சொன்ன பிறகு யார் பொறுப்பு என்பதுதான் அவள் பாடு.

நார்வேக்கு வந்த நாளிலிருந்து அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒரு நாட்டு ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கிறார்கள். கப்பலில் ஏற்றுகிறார்கள். இன்னொரு நாட்டுக் கடலுக்கு அடியில் கொண்டுபோய்ப் புதைக்கிறார்கள்.

நாளைக்கு அது வெளியே வந்தால் யார் தலையில் விடியும்? அனுப்பியவர் தலையிலா, வாங்கிப் புதைத்தவர் தலையிலா?

அவளிடம் விடை தயாராக இருந்தது. பல வருடம் காத்திருக்க வேண்டும். அசையவில்லை, கசியவில்லை, நிலைபெற்றுவிட்டது என்று தெரிய வேண்டும். அதன்பிறகு பொறுப்பு முழுவதும் வாங்கிய நாட்டுக்கே. அனுப்பியவர் கையைக் கழுவிக்கொள்ளலாம்.

இந்த அத்தியாயத்தை எழுதிய வேகத்தில் அவள் வேறு எதையும் எழுதியதில்லை.

பேராசிரியர் விடவில்லை. கிணற்று வாயில் கருவியை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் அங்கே ஒன்றும் தெரியாது, வாயு வேறு ஏதாவது இடுக்கு வழியாக மேலே வரும் என்றார். அதற்கு ஒரு பத்தி எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

சரி என்று எழுந்து வந்தாள்.

நடைவழி ஜன்னலில் மழை.

இந்த ஊரில் மழைதான் குடியிருக்கிறது. வெயில் விருந்தாளி. நேற்று அதிசயமாக வெயில் அடித்தது. ஊரே வந்து படிக்கட்டுகளில் பூனை மாதிரி உட்கார்ந்து காய்ந்தது.

கோமதி அக்காவைக் கூப்பிட்டாள். பாளையங்கோட்டையில் மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும். மகன் பரணி பள்ளிக்கூடத்தில் இருப்பான். அவன் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிட்டாள்.

கணவன் விபத்தில் போனபோது பரணிக்கு நான்கு வயது. உதவித்தொகையோடு இந்த இடம் கிடைத்ததும் பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டு வந்தாள். ஒரு வருடத்தில் வந்து கூட்டிப்போவதாகச் சொன்னாள். அடுத்த வருடமும் அதையே சொன்னாள்.

முதலில் ஃபோனில் அழுதான். பிறகு அழுகை நின்றது. பிறகு கேட்பதும் நின்றது.

இப்போதெல்லாம் திரையில் வந்து தலைமையாசிரியர் முன்னால் நிற்பதுபோல் நிற்கிறான். சாப்பிட்டேன் என்கிறான். நல்லா இருக்கேன் என்கிறான். போய்விடுகிறான்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் பிள்ளை இல்லை.

தைப் பொங்கலன்றுதான் அக்கா அதைக் கேட்டாள். முறையாக எங்களுக்கே எழுதித் தந்துவிடுகிறாயா என்று. கேட்டுவிட்டு, தப்பா எடுத்துக்காத என்றாள்.

தத்துக் கொடுத்தால் கொடுத்ததுதான். மனம் மாறித் திரும்பக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. அது அவளைவிட யாருக்குத் தெரியும்?

வக்கீலுக்கு எதற்குத் தண்டம் அழ வேண்டுமென்று பத்திரத்தின் வாசகத்தை அவளே எழுதினாள். சிறுவன் பெரியம்மா வீட்டில் மனநிறைவோடு நிலைபெற்றுவிட்டான் என்று ஒரு வரி. அதை ஒருமுறை அழித்தாள். மறுபடியும் எழுதினாள்.

ஆறின புண்ணைக் கிளறக் கூடாது என்பார்கள். அவள் பரணியிடம் எதையும் கேட்டுக் கிளறவில்லை.

"சரிக்கா," என்றாள் இன்று. "சித்திரைல வாரேன். எழுதிருவோம்."

மறுமுனையில் அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பரணி கணக்கில் வாங்கிய மதிப்பெண், விழுந்த பல், பிடித்த குழம்பு என்று கொட்டித் தீர்த்தாள். அவன் ஏங்கிப்போவானோ என்று இனி நீ கிடந்து தவிக்காதே என்றாள்.

"அவன் ஒன்னையக் கேக்கதே இல்ல ஏட்டி. இந்தக் கொடைக் கிறுக்கு ஒண்ணுதான். மத்தபடி தங்கம்."

என்ன குடை என்று கேட்டாள்.

அக்கா சிரித்தாள். பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது, இவன் கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறானாம். வெயிலுக்குத்தான் என்று பார்த்தால் அதுவும் இல்லையாம். சில நாள் எடுக்கிறான், சில நாள் எடுப்பதில்லை. தெருவே சிரிக்கிறதாம்.

"காலைல எந்திச்சதும் ஒங்கத்தான் ஃபோன இவன் எடுத்து மேகம், சூரியன்னு என்னத்தையோ பாக்கான். அதுக்கப்புறந்தான் கொடைய எடுக்கதும் வைக்கதும்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

இன்றைக்கு எடுத்தானா என்று கேட்டாள். எடுத்துத்தான் போயிருக்கிறான் என்றாள் அக்கா.

"நேத்து?"

"நேத்து இங்க லேசாத் தூறிச்சு. நானே கொடைய எடுத்துக் குடுத்தேன். இன்னைக்கு வேண்டாம் பெரியம்மான்னு நனைஞ்சுக்கிட்டே போறான். என்ன பிள்ளையோ."

அக்கா சித்திரையில் எந்த நாள் நல்ல நாள், பதிவு அலுவலகத்துக்கு யார் யார் வர வேண்டும் என்று பேசிக்கொண்டே போனாள்.

ஜன்னலுக்கு வெளியே மழை விட்டபாடில்லை.

காலையில் அவள் குடை எடுக்காமல் வந்திருந்தாள்.