களிமண் பாப்பா

பீர்க்கன்கரணைப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குக் காலையில் புளியங்கொட்டைக் கணக்கு, அப்புறம் பாட்டு. மதியச் சோற்றுக்குப் பிறகு பிள்ளைகள் ஏரிக் களிமண்ணில் அவரவர் வீட்டு ஆட்களைச் செய்து ஜன்னலில் காயவைத்தார்கள்.

பச்சையம்மா மட்டும் தனம் டீச்சரைச் செய்திருந்தாள். பக்கத்தில் கை கோத்தபடி ஒரு சின்ன பொம்மை.

"இது யாருடி?"

"உங்க பாப்பா டீச்சர். டெய்லி உங்க கையப் புடிச்சிகினு வருதே."

டீச்சருக்குக் கல்யாணமே ஆகவில்லை. தாம்பரத்தில் ஓர் அறையில் தனியாக இருந்தார்.

"கிளாஸ்ல காணோமே?"

"உள்ள வராது டீச்சர். நீங்க வர்ற வரைக்கும் கேட்டாண்டயே நின்னுகினு இருக்கும்."

மணி அடித்ததும் டீச்சர் வெளியே வந்தார். கேட்டில் யாரும் இல்லை. பஸ் ஏறி உட்கார்ந்தார். டிக்கெட் கிழித்துக் கொடுத்த கண்டக்டர், "கூட்டமா கீதும்மா, பாப்பாவ மடியில வச்சுக்க" என்றார்.

டீச்சர் மடியிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தார்.