பதினோரு விளம்பரங்கள்

"இது பக்கமா, சந்தைக்கடையா?"

மேலாளர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

மருத்துவத் தகவல்கள் தரும் இணையதளம் அது. விளம்பரங்களை யாரும் கிளிக் பண்ணுவதில்லை என்று முதலாளி தலையில் கை வைத்துக்கொள்ள, வேறு கம்பெனியிலிருந்து அழைத்து வரப்பட்டவர் இந்த மேலாளர். வந்து பத்து நாள்தான் ஆகிறது.

எதிரே நின்றவள் அந்தத் தளத்தின் பக்கங்களை வடிவமைப்பவள். ஏழு வருஷமாக இதே நாற்காலி.

"உட்காருங்கம்மா. மத்த பக்கமெல்லாம் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. ரெண்டு விளம்பரம், மிஞ்சிப் போனா மூணு. இந்தச் சிறுநீரகப் பக்கத்துல மட்டும் எத்தனை இருக்கு தெரியுமா?"

"பதினொண்ணு சார்."

"தெரிஞ்சேதான் வெச்சீங்களா?"

அவள் பார்வை திரையின் அடிப்பக்கம் போனது.

"மேல செருப்பு. பக்கத்துல சோபா. நடுவுல ஒரு கார் குறுக்கும் நெடுக்கும் ஓடுது. எல்லாத்துக்கும் அடியில அந்தச் சிகிச்சை மையத்தோட விளம்பரம், கூட்டத்துல தொலைஞ்ச பிள்ளை மாதிரி முழிச்சுட்டு நிக்குது. நமக்குப் பெரிய வாடிக்கையாளரே அவங்கதான். ஆயிரம் பேர் பக்கத்தைத் திறந்தா ஒருத்தர்கூட அதைத் தொடலை."

"ஆமா சார். தொடலை."

வருத்தமே இல்லாத அந்தப் பதில் அவருக்குச் சுருக்கென்றது.

"விளம்பரம் பெருகினா கண்ணு எதையுமே பார்க்காது. படிக்கிறவன் மொத்தத்தையும் குப்பைன்னு ஒதுக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பான். நேத்து வேலைக்கு வந்தவங்களுக்கே தெரிஞ்ச விஷயம் இது. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"அப்புறம்?"

"அந்தப் பக்கம் மட்டும் அப்படியே இருக்கட்டும் சார். மத்ததுல நீங்க சொல்ற மாதிரி செஞ்சுடறேன்."

மேலாளருக்கு வேறொரு சந்தேகம் தட்டியது. போட்டி மையம் எதுவும் இவளைக் 'கவனித்து' வைத்திருக்கிறதோ? இப்படிப்பட்ட ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

"வேற ஏதாவது சிகிச்சை மையத்துல உங்களுக்கு வேண்டியவங்க இருக்காங்களா?"

"இல்ல சார்."

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று நினைத்துக்கொண்டார். அன்று மாலையே அவளை வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் தயாராகிவிட்டது. அவள் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மேலாளரே அந்தப் பக்கத்தில் கை வைத்தார். செருப்பு, சோபா, கார் என்று பத்தையும் தூக்கினார். மிஞ்சிய ஒன்றை எங்கே வைப்பது?

'வாரம் மூன்று முறை டயாலிசிஸ் தேவைப்படும்' என்று முடிந்தது இரண்டாவது பத்தி. படிக்கிறவருக்கு மனசு கனத்து, கண் ஒரு நிமிஷம் நிற்கிற இடம். கண் நிற்கிற இடத்தில் கடையைப் போடு என்பது அவர் தொழிலில் கற்ற பாடம். மேலும் கீழும் வெள்ளையாக இடம் விட்டு, நட்ட நடுவில் வைத்தார்.

மூன்றே நாளில் முதலாளி அவர் இருக்கைக்கே வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார்.

நான்காம் நாள் காலை, வேலையை ஒப்படைத்துவிட்டுப் போக அவள் வந்தாள். மேலாளர் பொல்லாதவர் இல்லை. தானே கூப்பிட்டார்.

"வாங்கம்மா, இதைப் பாருங்க. குத்திக் காட்டறதுக்காகச் சொல்லலை. அடுத்து போற இடத்துல உங்களுக்கு உதவும்."

அவள் பார்த்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை பேர் சார் தொட்டாங்க?"

"அறுநூத்தி நாப்பது பேர். மூணே நாள்ல."



"அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா சார்?"

"படிக்கிறது நம்ம வேலை இல்லையேம்மா. இடம் கொடுக்கிறதுதானே நம்ம வேலை."

"ஒரே ஒரு தடவை படிங்க."

அவர் குனிந்து, முதல் முறையாகப் படித்தார்.

'டயாலிசிஸை இன்றே நிறுத்துங்கள். எங்கள் பொடியை நாற்பது நாள் சாப்பிடுங்கள். சிறுநீரகம் புதிதாகும்.'

"எடுத்துடுங்கன்னு மூணு தடவை எழுதிக் கொடுத்தேன் சார். பெரிய வாடிக்கையாளர், கை வைக்காதேன்னுட்டாங்க. எடுக்கத்தான் விடலை. மறைக்க என்னால முடிஞ்சது. பத்து விளம்பரத்தைக் கொண்டுவந்து சுத்தி அடுக்கினேன். எட்டு மாசம் ஒருத்தர் கண்ணுலயும் படலை."



"அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"முன்னாடி சொன்னதுக்கு என்ன கிடைச்சுதுன்னு எனக்குத்தானே தெரியும்."

"அதுக்கில்ல..." அவர் தடுமாறினார். "விளம்பரம்னா ஆயிரம் சொல்லுவாங்க. நம்பறதும் நம்பாததும் படிக்கிறவங்க பாடு. அதுக்கு இடம் கொடுத்தவங்க என்ன பண்ண முடியும்?"

அவள் தன் அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"நானும் அப்படி நினைச்சுத்தான் சார் போன வருஷம் அதுக்கு நல்ல இடமா பார்த்து வெச்சேன். டயாலிசிஸுக்குப் போறேன்னு எங்கிட்ட சொல்லிட்டு, என் வீட்டுக்காரர் பூங்காவுல போய் உட்கார்ந்துட்டு வந்திருக்கார். ஒன்பதாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பிச்சுடுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்போ, ஏங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலைன்னு கேட்டேன். அதுதான் அவர் கடைசியா பேசினது சார்... 'உன் பக்கத்துல நீ வெச்சதுதானே, அதான் கேக்கலை.'"