மாங்காய்க் கல்

அச்சைத் தூக்கும்போது அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

கை சற்று ஆடினாலும் ஓரம் உதிர்ந்துவிடும். இரண்டு பக்கமும் ஒன்றாக எழ வேண்டும்.

எழுந்தது.

தரையில் ஒன்பது கல் பதித்தது போல ஈரமாக ஒரு சதுரம். இடது மூலையில் இருப்பது மட்டும் மாங்காய் வடிவம்.

இதுதான் கடைசி. பாதை முன்வாசல் படியைத் தொட்டுவிட்டது.

இணையத்தில் வாங்கிய பிளாஸ்டிக் அச்சு. தரையில் வைத்து, சிமெண்ட் கலவையைக் கொட்டி, கரணையால் தேய்த்து, எடுத்து, அடுத்த இடத்தில் வைக்க வேண்டியது. வீடியோவில் ஒருவன் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒரு தோட்டத்தையே முடித்துவிட்டுச் சிரிக்கிறான். அவனுக்கு இடுப்பு நன்றாக இருக்கிறது. இவருக்குச் சித்திரை முழுக்க ஆயிற்று.

பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, சமையக்கட்டுல கெளம்பி, ஊட்டச் சுத்தி, மறுக்கா ஊட்டுக்கே வருது? கேட்டுக்குத்தான தடம் போடோணும்?"

இவர் சிரித்துவைத்தார். கேட்டுக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தானே இந்தப் பாதை.

காலையில் மனைவிக்கு எல்லாம் நினைவிருக்கும். மோர் கரைத்துக்கொண்டு வந்து தருவாள். அச்சில் கலவை ஒட்டாமலிருக்க அவர் தேங்காய் எண்ணெய் தடவுவதைப் பார்த்து, தலைக்கு வைக்கிறதை இப்படி வீணடிக்கிறாரே என்று முணுமுணுப்பாள். அந்த முணுமுணுப்பைக் கேட்பதற்காகவே அவர் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்.

வெயில் சாய்ந்தால் அவள் வேறு ஆள்.

மஞ்சள் பையில் ஒரு சேலை, ஒரு சீப்பு. காங்கேயத்துக்கு, பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். அந்த வீட்டை விற்று, இடித்து, கல்யாண மண்டபம் கட்டியாகிவிட்டது. அதைச் சொல்லும்போதெல்லாம் முதன்முறை கேட்பது போல அழுதாள். சொல்வதை விட்டுவிட்டார்.

பங்குனியில் ஒருநாள் பைபாஸ் ரோட்டில், லாரிகளுக்கு நடுவில் கிடைத்தாள். காலில் செருப்பில்லை.

மகள் போனில், கேட்டைப் பூட்டுங்கப்பா என்றாள். பூட்டினார்.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகிறவர்களைப் பார்த்து, "ஆராச்சும் தொறந்து உடுங்களே" என்று கெஞ்சினாள். இத்தனை வருஷத்தில் யாரிடமும் எதற்கும் கெஞ்சாதவள்.

மறுநாளே அச்சுக்கு ஆர்டர் போட்டார்.

நடக்கட்டும். ஆசை தீர நடந்து வீட்டுக்கே வந்து சேரட்டும். வாசலில் அவரைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிடும் என்று ஒரு நப்பாசையும் இருந்தது. அதை மகளிடம் சொல்லவில்லை.

ஒவ்வொரு முறையும் அச்சைத் திருப்பி வைக்கும்படி அதோடு வந்த தாளில் சொல்லியிருந்தது. அப்போதுதான் ஒன்றுபோல் தெரியாதாம். முதலில் அப்படித்தான் போட்டார். ஒரு சாயங்காலம் அவள் மாங்காய்க் கல்லில் கால் வைத்தாள். அடுத்த சதுரத்தில் அதைக் காலால் தேடினாள். அது வேறு மூலையில் இருந்தது.

"இது எங்கூருத் தடமில்லீங்" என்று திரும்பிவிட்டாள்.

அவற்றைக் கடப்பாரையால் உடைத்து மறுபடி போட்டார். இப்போது எல்லாம் ஒரே மாதிரி. வளைவுகளில் அச்சைச் சாய்த்து வைத்து, இடையில் விழுந்த சந்தைக் கையால் நிரப்பினார். மாங்காய் மட்டும் இடது பக்கத்தை விட்டு அசையவில்லை.

கடைசிச் சதுரத்தின் மேல் ஈரச் சாக்கைப் போட்டார். நன்றாக இறுகும்வரை சில நாள் நனைத்துக்கொண்டிருந்தார்.

இன்று சாக்கை எடுத்துவிட்டார்.

வெயில் சாய்ந்தது. அவள் பையை எடுத்தாள்.

சமையலறைக் கதவை அவரே திறந்துவிட்டார்.

இடது கால் மாங்காயில். ஒரு நடை. மறுபடி மாங்காயில். கொய்யாவைத் தாண்டினாள். துவைகல்லைத் தாண்டினாள். வளைவில் சற்றே நின்றாள். கால் மாங்காயைக் கண்டுகொண்டது. நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் வீட்டுக்குள்ளாக முன்கதவுக்கு ஓடினார். சிமெண்ட் படிந்த பனியனைக் கழற்றி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். தலையை வாரினார். பெண் பார்க்கப் போன அன்றுகூட இத்தனை படபடப்பு இல்லை.

கதவு தட்டும் சத்தம்.

சொந்த வீட்டுக் கதவை அவள் தட்டியதே இல்லை.

திறந்தார்.

அவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

"அண்ணா!" என்றாள்.

அவளுடைய அண்ணன் இறந்து பல வருஷமாகிறது.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நான்தான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவள் மறுபடி கிளம்ப வேண்டியிருக்கும்.

"வா அம்மிணி," என்றார். அண்ணன் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். "நடந்தா வந்தே? மாப்பிள்ள வர்லியா?"

"அவுருக்கு எங்கீங்ணா நேரம். தோட்டத்துல தடம் போடறாரு. இந்த வெய்யல்ல, அந்த இடுப்பு நோவோட. சொன்னாக் கேக்கறதில்லீங்."

பையை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள். தன் நாற்காலியில் விருந்தாளி போல ஓரமாக உட்கார்ந்தாள்.

"இருட்டறதுக்குள்ள வந்துருவாரு. அவுருக்கும் சேத்திச் சோறு வெச்சுருங்ணா."

அவர் சமையலறைக்குப் போனார். இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தார்.

எட்டிப் பார்த்தார்; அவள் கண் வாசலிலேயே இருந்தது.

மூன்றாவதையும் எடுத்தார்.