சத்தமில்லாத யானை

சிங்களவர் நிறைந்த பலாபத்வலயில் வீதியோர வீடொன்றின் பின்னறையில், வலது கையைத் தும்பிக்கையாக வீசிக்கொண்டு, நளாயினி சுவரிலிருந்து கட்டில்வரை அசைந்தசைந்து நடக்கிறாள். நாளை அவளுக்குக் கற்பித்தல் பரீட்சை. முதலாம் வகுப்புக்கு யானைப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பயிற்சிக் கலாசாலையிலிருந்து இருவர் வந்து, கடைசி வாங்கில் உட்கார்ந்து புள்ளி போடுவார்கள். இரண்டாவது அடியைப் பாடும்போதே திரைச்சீலை விலகுகிறது. வீட்டுக்காரி சுந்தரம்மா அகப்பையும் கையுமாக நிற்கிறாள். "மெதுவா டீச்சர். தமிழ்ப் பாட்டு ரோட்டுக்குக் கேக்குது. எதுத்த நம்ம ஆளுக கடைய எரிச்சு இன்னும் பத்து நாள்கூட ஆகல." இதுவரை யாரும் அவளை டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. "சரி அக்கா, இனிப் பாடேல்லை," என்கிறாள். திரைச்சீலை மூடுகிறது. பாட்டு உதட்டுக்குள் நின்றுகொள்ள, உடம்பு மட்டும் பாடத்தை நடத்துகிறது. இடது கை யானைக் காதாக விரிந்து ஆடுகிறது. தொம் தொம்மென்று விழவேண்டிய கால்கள் பஞ்சாய் விழுகின்றன. கட்டிலில் வரிசையாக வைத்த முப்பது சோடா மூடிகள்தான் பிள்ளைகள். வீட்டிலிருந்து மாதக்கணக்கில் கடிதமில்லாத இந்த அறையில் அவைதான் அவளை அண்ணாந்து பார்க்கின்றன. மாலை வெயில் சட்டென்று கறுத்து, தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. அடுப்படிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. இனி எவ்வளவு உரத்தும் பாடலாம். கடைசி அடியில் யானை பிளிற வேண்டும். அவள் தும்பிக்கையை உயர்த்தி, வாயை அகலத் திறக்கிறாள். குரல் வரவில்லை. உயர்ந்த கை மெல்ல இறங்கி வந்து, தானாகவே உதட்டின்மேல் ஒற்றை விரலை வைக்கிறது.