இலையில் உட்கார்ந்த பிறகு

ஒலிபெருக்கி இருமியது.

அவள் கை ஒரு நொடி நின்றது. மஞ்சள் கவுன் போட்ட குழந்தை ஒன்று போலீஸ் பந்தலில் அழுதுகொண்டிருக்கிறதாம். பெற்றோர் உடனே வரவேண்டுமாம்.

இது இல்லை.

புளியோதரைத் தூக்கை இழுத்து, மாமியாரின் இலையில் பரிமாறினாள். பூங்காப் புல்தரை ஆனாலும் அத்தைக்கு நுனி இலைதான். காகிதத் தட்டு தரித்திரம். சர்க்கரை உடம்பு வேறு. மணி பன்னிரண்டரை ஆனால் யாருக்காகவும் காத்திருக்க முடியாது.

பிறகு தனக்கும் ஓர் இலை விரித்தாள்.

அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் வரட்டுமே. உனக்கென்ன அவசரம்?"

"பசிக்குது அத்தை."

கல்யாணமாகி இது ஒன்பதாவது காணும் பொங்கல். புருஷனுக்கு முந்தி அவள் சாப்பிட உட்காருவது இதுதான் முதல் தடவை.

அவன் கழிப்பறை வரிசையில் நிற்கப் போய் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. போகும்போது வேப்பமரத்தடியில் இருந்தார்கள். வெயில் வந்துவிட்டது என்று அவள்தான் கிளப்பினாள். பொய் இல்லை. ஜமுக்காளத்தின் ஓர் ஓரத்தில் கொஞ்சம் வந்திருந்தது. கூடை, தூக்குகள், தண்ணீர்க் குடுவை, அத்தை, எல்லாவற்றையும் மீன் காட்சியகத்துக்குப் பின்பக்கம் கொண்டுவந்து சேர்த்தாள். ஊரே திரண்டு வந்திருக்கும் நாளில், அந்த மூலை மட்டும் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. காலையில் உள்ளே நுழைந்ததுமே பார்த்து வைத்திருந்தாள்.

அவனுடைய கைப்பேசி அவள் பையில் இருந்தது. அவனேதான் கொடுத்துவிட்டுப் போனான். அவள் அதை அணைத்து வைத்திருந்தாள்.

அவளுடைய எண் அவனுக்கு மனப்பாடம் கிடையாது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

போன வருஷம் இதே நாள். இதே பூங்கா. அத்தைக்கு மோர் வாங்கப் போனவள் கூட்டத்தில் திசை தப்பினாள். அவளுடைய போன் அவன் சட்டைப் பையில். அதில்தான் படம் நன்றாக விழும் என்று காலையிலேயே வாங்கி வைத்துக்கொண்டான்.

போலீஸ் பந்தலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார்கள். சுற்றிலும் மூக்கொழுகும் குழந்தைகள். ஒரு பெண் போலீஸ் எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தாள். அவளுக்கும் இரண்டு.

மைக்கில் பதினொரு முறை கூப்பிட்டார்கள். பெயர் பூங்கோதை, வயது முப்பத்தாறு, பச்சைப் புடவை. ஒவ்வொரு முறையும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த மோர் சூடாகிவிட்டது.

மூன்று மணிக்கு மேல் அவனும் அத்தையும் வந்தார்கள். வெற்றிலை மென்றுகொண்டு.

மைக்கில் சொன்னது கேட்கவில்லையா என்றாள்.

"கேட்டுச்சு. இலையில உக்காந்தாச்சு, பாதியில எழக்கூடாதில்ல" என்றாள் அத்தை.

அவன் சிரித்தான். பச்சைப் புடவையா, நீலம் என்றல்லவா நினைத்தேன் என்றான்.

அதோடு விட்டார்களா? ஒரு வருஷம் முழுக்க, போன வீட்டிலெல்லாம் அதுவே பேச்சு. எங்க வீட்டுப் பாப்பா தொலைந்துபோன கதை தெரியுமா என்று ஆரம்பிப்பான். எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை அவள் காபித் தட்டோடு நிற்பாள். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ள மாட்டாள்.

ஒலிபெருக்கி மறுபடி இருமியது.

"ஞானசேகர் என்பவர், வயது நாற்பத்து மூன்று, கட்டம் போட்ட சட்டை, இங்கே பந்தலில் காத்திருக்கிறார். அவருடைய மனைவி பூங்கோதை எங்கிருந்தாலும் உடனே வரவும்."

அந்தப் பக்கமாகப் போன யாரோ சிரித்தார்கள். நாற்பத்து மூன்று வயதில் தொலைந்துவிட்டாராம் பாவம்.

அத்தையின் கை வாய்க்குப் போகாமல் நின்றது.

"ஏய், நம்ம சேகரைச் சொல்றாங்கடி! போய்க் கூட்டிட்டு வா!"

அவள் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். இன்றைக்குப் புளிக்காய்ச்சல் நன்றாக அமைந்திருந்தது. வேர்க்கடலையை ஒவ்வொன்றாய் மென்றாள்.

"இலையில உக்காந்தாச்சு அத்தை. பாதியில எழக்கூடாதில்ல."

அத்தை அவளையே பார்த்தாள். யாருடைய வார்த்தை அது என்று நினைவுக்கு வரச் சற்று நேரம் பிடித்தது. வந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது.

தானே எழுந்துகொள்ளப் போனவள் குனிந்து தன் இலையைப் பார்த்தாள். பாதிச் சோறு கிடந்தது. மறுபடி உட்கார்ந்தாள். பிறகு கவளம் கவளமாக அள்ளி விழுங்க ஆரம்பித்தாள். தொண்டை அடைத்தது. தண்ணீர் குடித்தாள். மறுபடி அள்ளினாள்.

"இரண்டாவது முறையாக அறிவிக்கிறோம்."

சிவப்பு நாற்காலி அவனுக்குக் கிடைத்திருக்கும். பிஸ்கட்டும் கொடுத்திருப்பார்கள்.

அவளுக்கு உடம்பெல்லாம் இனித்தது.

அத்தை கடைசிப் பருக்கையையும் வழித்தாள். இலையை மூடக் கையைக் கொண்டுபோனாள்.

பூங்கோதை முந்திக்கொண்டாள். தயிர்சாதத்தில் கரண்டியை ஆழமாகவே விட்டாள்.

"அதுக்குள்ளயா அத்தை? நல்லா சாப்பிடுங்க."

ஒரு கரண்டி. அதன் மேல் இன்னொன்று.

ஒலிபெருக்கி இருமியது.

மூன்று, இன்னும் எட்டு, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த தூக்கைத் திறந்தாள்.