ஏழாவது வரிசைக் கலவன்

நிலக்கடலை வயலில் மற்றவற்றிலிருந்து மாறுபட்டு நிற்கும் செடிக்குக் கலவன் என்று பெயர்; கண்டதும் பிடுங்கி எறிய வேண்டும். இருபது வருடமாகப் பவுனம்மாளுக்கு ஆராய்ச்சிப் பண்ணையில் அதுதான் வேலை. அன்று ஏழாவது வரிசையில் பிடுங்கிய ஒன்றை மட்டும் அவள் எறியாமல், வேரை ஈரச் சாக்கில் சுற்றி ஆய்வாளர் இளவேனிலிடம் கொண்டுவந்தாள். ஒரே தாய்ச்செடியின் பிள்ளைகள் எல்லாம் மஞ்சளாகப் பூத்திருக்க, இது மட்டும் செம்மஞ்சளாகப் பூத்திருந்தது.

"புடுங்கிட்டேன் மேடம். எறியத்தான் கை வரல."

இளவேனில் வேர்நுனியைக் கிள்ளி எடுத்துக்கொண்டு, செடியைத் தொட்டியில் நட்டாள். நான்கு நாள் கழித்து, சாயமேற்றிய குரோமோசோம்கள் நுண்ணோக்கியில் ஒளிர்ந்தன. கடலைக்கு மூதாதையர் இருவர். ஒருவர் வழி வந்தவை பச்சை, மற்றவர் வழி வந்தவை சிவப்பு. குரோமோசோம்கள் நாற்பதும் சரியாக இருந்தன. ஆனால் ஒரு பச்சையின் நுனியில் சிவப்புத் துண்டு ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. மூன்று வருடமாகத் தான் தேடிய இந்த இடமாற்றத்தை வெறுங்கண்ணால் பிடித்துவிட்டவளை இளவேனில் ஆசையோடு பார்த்தாள்.

பவுனம்மாளும் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். "இத்துனூண்டு எடம் மாறுனதுக்கா பூவே மாறிடுச்சு?"

"ஆமாக்கா."

"அப்ப, இத்தன வருசமா நான் எறிஞ்சதுல எத்தன இப்படி இருந்துச்சோ?"

இளவேனில் சன்னல் பக்கம் திரும்பினாள். காலையில் பவுனம்மாள் பிடுங்கிப் போட்ட குவியலில் ஒரு வெள்ளாடு வாய் வைத்துக்கொண்டிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடினார்கள்.