கோப்பையில் இரண்டு கப்பல்கள்

பிரெஞ்சுக் கடற்படையை இங்கிலாந்து தோற்கடித்த ட்ராஃபல்கர் கடற்போரின் வெற்றி நாள் விருந்து மேசையில் வைப்பதற்காக, டாஃப்னி வீட்டுப் பழைய பீங்கான் கோப்பையை இரவல் வாங்கிப்போக வந்திருந்தார் ஹம்ஃப்ரி. ஓய்வு பெற்ற கப்பல் கேப்டன். போர்ட்ஸ்மத் கடற்படைச் சங்கத்தின் செயலாளர்.

“இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. தங்க விளிம்புகூட மங்கல,” என்று கோப்பையை வெளிச்சத்தில் பிடித்து ரசித்தார். “ஆனா வரைஞ்சவனுக்கு விவஸ்தையே இல்ல, டாஃப்னி.”

“ஏனாம்?”

“தோத்துப்போன பிரெஞ்சுக் கப்பலைப் பாருங்க, ஒவ்வொரு கயிறும் அச்சு அசல். இந்தப் பக்கம் ஜெயிச்ச நம்ம கப்பல், வெறும் சாம்பல் திட்டு. இதைக் காட்டினா மானம் போகும். அதைக் காட்டினா சங்கத்துலேருந்தே என்னைத் தூக்கிடுவாங்க.”

“டீ ஆறுது, குடிங்க.”

“கடலையே பாக்காதவன் வரைஞ்சிருக்கான்.”

“அந்தச் சண்டையையே பாத்தவர், கேப்டன்.”

“அப்புறம் ஏன் நம்ம கப்பல் இப்படி இருக்கு?”

“பீரங்கிப் புகைக்குள்ள அவருக்கு அவ்வளவுதான் தெரிஞ்சிருக்கு.” டாஃப்னியின் விரல் பிரெஞ்சுக் கப்பலின் மேல்தளத்தைத் தொட்டது. “இங்க நின்னு பாத்தார். கைதியா வந்தவர், பீங்கான் பட்டறையில சேந்து இங்கயே தங்கிட்டார். எங்க குடும்பமே அவர்லேருந்துதான்.”

ஹம்ஃப்ரி எழுந்தார். போரில் மாண்டவர்களுக்காக விருந்தில் செய்வதைப் போலவே, நின்றபடி, ஒரு வார்த்தை பேசாமல் டீக் கோப்பையை உயர்த்திக் குடித்தார்.

“எந்தப் பக்கத்தைக் காட்டப் போறீங்க?” என்றாள் டாஃப்னி.

“பிரெஞ்சுக் கப்பலைத்தான். தூக்கறவங்க தூக்கட்டும்.”